வேலை முடிந்த பின் கொடுப்பது

செப்டம்பர் 6, சனி

இந்த நோட்டை என் பெட்டிக்குள் வைத்தது செண்பகம். "எரிச்சல் வந்தா இதுல எழுதுங்க. பாப்பா மேல காட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள். நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குப் புருஷனைத் தெரியாதா? அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகாமல் இருந்தால் அவளே அமெரிக்கா வந்திருப்பாள். நான் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இருபத்தாறு மணி நேரப் பயணம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு செத்துவிட்டது. ஏர்போர்ட்டில் எனக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்திருந்தாள் பாப்பா, என் மகள் தமயந்தி. கால் நன்றாகத்தான் இருக்கிறது. வழி தெரியாமல் நிற்கக்கூடாது என்பதற்காக. தள்ளிக்கொண்டு வந்த பெண் வாசலில் விட்டுவிட்டு அப்படியே நின்றாள். நான் தேங்க்யூ சொன்னேன். அவளும் சொன்னாள். ஆனால் போகவில்லை. தமயந்தி வேகமாக வந்து பத்து டாலரை அவள் கையில் வைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

"அப்பா, இங்க டிப்ஸ் குடுக்கணும்."

"ஏன், சம்பளம் குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. அது பத்தாது."

"நம்ம ஊர்ல மட்டும் பத்துச்சாக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பாதியாக இளைத்திருக்கிறாள் பிள்ளை. தலையில் துணி கட்டியிருக்கிறாள். வலது கை தோளுக்கு மேல் போகவில்லை.

டாக்சிக்காரனுக்கும் டிப்ஸ்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நான் எதற்கு வந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். தமயந்திக்குப் புற்றுநோய்க் கட்டி. மருந்து ஏற்றி, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இனி ஆறு வாரம் கதிர் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளி வரை. செப்டம்பர் 22 தொடங்கி அக்டோபர் 31 வரை முப்பது நாள். ஒரு நாள் கூட விடக்கூடாதாம். ஆஸ்பத்திரி முப்பத்தொரு மைல். இந்த ஊரில் பஸ் கிடையாது. ஆப்பில் வண்டி கூப்பிட்டால் சில நாள் வரும், சில நாள் வராது. டாக்டர் அவளை ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை விலகிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஆக, நான்தான் ஓட்டவேண்டும். கையில் சர்வதேச உரிமம் வைத்திருக்கிறேன். அது போலீசுக்குப் போதுமாம், இவள் கார் இன்சூரன்சுக்குப் போதாதாம். இந்த ஊர் உரிமம் வேண்டுமாம். அதற்கு டெஸ்ட்.

யாருக்கு டெஸ்ட்? முப்பத்தொரு வருஷம் போக்குவரத்துத் துறையில் இருந்து, மோட்டார் வாகன ஆய்வாளராக ஓய்வு பெற்ற சங்கரபாண்டியனுக்கு டெஸ்ட். எத்தனை ஆயிரம் பேரை எட்டுப் போடச் சொல்லி மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருப்பேன்! காலக் கொடுமை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. தவறவிட்டது ஒன்றே ஒன்று. நாலு சாலையும் கூடும் இடத்தில் நாலு பக்கமும் 'ஸ்டாப்' பலகை இருக்கும். நாலு வண்டியும் நிற்கவேண்டும். முதலில் வந்தவன் முதலில் போகவேண்டும். சிக்னலும் இல்லை, போலீசும் இல்லை, நான் முதலில் வந்தேன் என்று மற்ற மூன்று பேரும் எப்படி ஒத்துக்கொள்வார்கள்? பெரிய வண்டி முதலில் போகும் என்று போட்டேன். தப்பாம்.

வரும் வழியில் காபிக் கடை. காபியை நாமே போய் வாங்கி நாமே எடுத்துவர வேண்டும். அதற்கும் அந்தப் பெண் ஒரு பலகையை நம் பக்கம் திருப்புகிறாள். சிலேட்டு மாதிரி இருக்கிறது. பதினெட்டு, இருபது, இருபத்தைந்து சதவீதம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறது. எதையாவது அழுத்தினால்தான் அவள் முகம் நம் பக்கம் திரும்புகிறது.

தமயந்தி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ஓட்டல் சர்வர், முடி வெட்டுபவர், டாக்சி, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருபவர், பெட்டி தூக்குபவர், எல்லாருக்கும் எவ்வளவு என்று. கேட்டால், "சர்வீஸ் முடிஞ்சப்புறம் சந்தோஷமா குடுக்கறதுப்பா" என்கிறாள்.

இது எனக்கா தெரியாது? முன்னால் வாங்கினால் லஞ்சம், வேலை முடிந்த பின் கொடுப்பது மரியாதை. இந்த வித்தியாசத்தை நான் சர்வீசில் சேர்ந்த முதல் வருஷமே தெரிந்துகொண்டேன். வாய் திறந்து ஒருவனிடமும் ஒரு பைசா நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறாள். அவர் வண்டியிலேயே பழகி, அவர் வண்டியிலேயே டெஸ்ட் கொடுக்கவேண்டும். வலது பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம். இண்டிகேட்டர் போடப்போய் வைப்பரைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். வெயில் பளீரென்று அடிக்கிறது, என் கண்ணாடியில் மட்டும் வைப்பர் ஆடுகிறது.

எதிரே ஒரு வண்டி திரும்பக் காத்து நின்றது. ஹெட்லைட்டை அடித்துக் காட்டினேன். நம் ஊரில் அதற்கு 'நான் வருகிறேன், அசையாதே' என்று அர்த்தம். இவன் கையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு என் முன்னால் திரும்பிவிட்டான்! இங்கே லைட் அடித்தால் 'நீ போ' என்று அர்த்தமாம். வாத்தியார் அவர் பக்கமிருந்த பிரேக்கை மிதித்ததால் தப்பித்தோம்.

முடிந்ததும் வாத்தியாருக்கு இருபது டாலர் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தேறவில்லை.

தேர்வாளர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். ரெனே என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். சிரிப்பே இல்லை. என் தவறுகளை வரிசையாகப் படித்தாள். சைக்கிளில் போனவரைத் தாண்டும்போது ஹாரன் அடித்தேனாம். மரியாதைக்கு அடித்தேன் அம்மா என்றேன். இங்கே அது திட்டுவதற்குச் சமமாம். அடுத்தது, ஸ்டாப் பலகையில் வண்டி முழுதாக நிற்கவில்லையாம், உருண்டதாம். ஈ காக்கா இல்லாத இடத்தில் எவனுக்காக நிற்பது?

தமயந்தி கோபப்படவில்லை. "நானும் மூணு தடவ ஃபெயில்தாம்ப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளுக்கு நம் ஊர் உரிமம் பதினெட்டு வயதிலேயே உண்டு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு குடிகாரன் குறுக்கே வந்து விழுந்த விவகாரத்துக்குப் பிறகு அவள் வண்டியைத் தொடாமல் விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இன்னொரு தேதி கிடைத்திருக்கிறது. திங்கள் சிகிச்சை ஆரம்பம். வெள்ளி தேறியே ஆகவேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

தேறவில்லை. தலைவலி.

செப்டம்பர் 20, சனி

நேற்று எழுதியது பொய். பொய் இல்லை, பாதி. இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்? எழுதிவிடுகிறேன்.

நேற்று நான் தேறினேன். ஒரு தப்பு கிடையாது. ஸ்டாப் பலகையில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினேன். அதே ரெனே. ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியதும், "நன்றாக ஓட்டினீர்கள்" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள். கையில் வைத்திருந்த சிலேட்டுப் பலகையில் ஏதோ தட்டினாள். பிறகு அதை என் பக்கம் திருப்பினாள்.

இரண்டு வாரமாக எந்தக் கடையில் எவள் பலகையைத் திருப்பினாலும் ஒரே அர்த்தம்தான். இதே வண்டியில், இதே சீட்டில் உட்கார்ந்து வாத்தியாருக்கும் கொடுத்திருக்கிறேன். வேலையும் முடிந்துவிட்டது, தேறிவிட்டேன் என்று சொல்லியும் விட்டாள். கை தானாகப் போனது. இருபது டாலரை நாலாக மடித்துப் பலகைக்கு அடியில் தள்ளினேன், விரல் வெளியே தெரியாமல்.

"இது என்ன?" என்றாள்.

"உங்களுக்குத்தான். டிப்ஸ்."

சிரிப்பு போய்விட்டது. அவள் கேட்டது கையெழுத்து. பணத்தைத் தொடாமல் அப்படியே இறங்கிப் போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். கண்ணாடி போட்ட பெரிய மனிதர். என்னை நிற்கவைத்துத்தான் பேசினார். வெளிநாட்டுக்காரர், வழக்கம் தெரியாமல் செய்துவிட்டார் என்பதால் போலீசுக்குப் போகவில்லையாம். தேர்வு செல்லாது. முப்பது நாளைக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

நான் யார் என்று சொல்ல வாய் வரை வந்தது. நானும் உங்களைப் போல ஆய்வாளராக இருந்தவன் என்று. நல்ல வேளை, சொல்லவில்லை.

தமயந்தியிடம், "தேறலம்மா" என்று மட்டும் சொன்னேன். உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேச ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆஸ்பத்திரியில் தொண்டர்கள் இருக்கிறார்களாம், நோயாளிகளைச் சொந்தக் காரில் கூட்டிப்போக. காலை ஒன்பதுக்கு ஹரால்ட் என்று ஒருவர் வந்து ஹாரன் அடிக்காமல் வாசலில் காத்திருந்தார். எழுபத்தேழு வயது, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தபால்காரராக இருந்தவர். நான் பின்சீட்டு, தமயந்தி முன்சீட்டு.

சோளக்காட்டு நடுவில் நாலு பக்க ஸ்டாப். நாலா திசையிலும் மூன்று மைலுக்கு ஒரு வண்டி கிடையாது. முழுதாக நிறுத்தினார். உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அப்புறம் எடுத்தார்.

"யாரும் இல்லையே, எதற்கு?" என்றேன்.

"பலகை இருக்கிறதே" என்றார்.

அவர் பிரேக் போடும்போதெல்லாம் தமயந்தியின் வலது காலும் கார்த் தரையை அழுத்துகிறது. டாக்சியிலும் பார்த்தேன். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இருக்கிற பழக்கம்தான்.

இறங்கும்போது நாற்பது டாலர் நீட்டினேன். ஹரால்ட் என் கையை மெதுவாக மூடிவிட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

நேற்று அவர் பார்க்காதபோது காரில் டம்ளர் வைக்கும் குழியில் நாற்பது டாலரைச் செருகிவிட்டு வந்தேன். இன்று என் கோட்டுப் பையில் அது இருக்கிறது. எப்போது போட்டார் என்றே தெரியவில்லை.

காபிக் கடையில் பலகையைத் திருப்புகிறவளுக்குக் கொடுக்கவேண்டும். தினமும் அறுபத்திரண்டு மைல் ஓட்டுகிற மனுஷனுக்குக் கொடுக்கக்கூடாது. இந்த ஊர் கணக்கு எனக்கு விளங்காது. வாங்கமாட்டேன் என்கிறவர் காரில் ஏறி உட்காருவது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது! இடுப்புக்கு அடியில் முள் மாதிரி.

செப்டம்பர் 30, செவ்வாய்

மிளகு ரசம் வைத்தேன். பெருங்காயம் போட மறந்துவிட்டேன். இரண்டு வாய் குடித்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. என் பெயருக்குத்தான். ஆனால் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் தபாலை எல்லாம் அவள்தான் பிரிக்கிறாள். தேர்வாளருக்குப் பணம் கொடுக்க முயன்ற காரணத்தால், என்று தொடங்கி ஒரு பக்கம்.

அடுப்படிக்கு வந்து நின்றாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஃபெயில் ஆயிட்டேன்னுதான சொன்னீங்க?"

"ஃபெயில்தான."

"காசு குடுத்திருக்கீங்க."

"அது டிப்ஸும்மா. பலகைய திருப்புனா, நான் என்னத்த கண்டேன்?"

ஃபிரிட்ஜிலிருந்து தாளை எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கமும் எழுதியிருந்தது, நான் பார்த்ததே இல்லை. 'யாருக்குக் கொடுக்கக்கூடாது' என்று தலைப்பு. டாக்டர், நர்ஸ், டீச்சர், போலீஸ். கடைசியில் கவர்மெண்ட் ஆபீஸ், அதற்குக் கீழே இரண்டு கோடு.

"இந்த ரெண்டு கோடு உங்களுக்காகத்தாம்ப்பா போட்டேன்."

"நான் ஒருத்தன்கிட்டயும் கேட்டு வாங்கினதில்ல பாப்பா!" என்று கத்திவிட்டேன்.

அவள் தாளை மறுபடி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "நான் அதப் பத்தி ஒண்ணுமே கேக்கலயேப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெண்டைக்காய் அப்படியே கிடக்கிறது. செண்பகம் சொன்னபடி இந்த நோட்டில் எரிந்து விழலாம் என்று எடுத்தேன். யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 4, சனி

காலையில் அவளே பேசினாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணை மேஜையிலேயே வைத்துக்கொண்டு. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

பதினெட்டு வயது முடிந்த மறுநாள் உரிமத்தையும் ஒரு பெட்டி கடலை மிட்டாயையும் நான் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அதற்கு முன் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. எட்டுப் போடவில்லை, மைதானத்துக்கே வரவில்லை. மூன்றாம் வாரம், நான் டூட்டிக்குப் போன பிறகு, வீட்டு மாருதியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். சைக்கிளில் பால் கொண்டுபோனவன் மேல் மோதினாள். அவனுக்கு இடது கால் போய்விட்டது. வெட்டவில்லை, ஆனால் கால் என்று சொல்ல முடியாது.

பால்காரன் குடித்துவிட்டுக் குறுக்கே வந்தான் என்று ரிப்போர்ட். ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்தவர் இருந்தார். அது நான் செய்த ஏற்பாடு. என் கையால் முதல் தடவையாக இதை எழுதுகிறேன்.

"அவர் குடிக்கலப்பா. ஓரமாத்தான் போனாரு. ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்குச்சு. பிரேக்குன்னு நெனச்சு நான் ஆக்சிலேட்டர மிதிச்சுட்டேன். எது பிரேக்குன்னே எனக்குத் தெரியலப்பா. தெரியாதவ கையில லைசென்ஸக் குடுத்துட்டீங்க."

"நீ சின்னப் பிள்ளம்மா. உன் வாழ்க்க கெட்டுடக் கூடாதுன்னு…"

"இங்க வந்து மூணு தடவ ஃபெயில் ஆகி நாலாவது தடவ வாங்கினேன். அன்னைக்குக் கார்ல உக்காந்து எவ்வளவு நேரம் அழுதேன் தெரியுமா? இது நானா வாங்கினதுப்பா. இது ஒண்ணுதான் நானா வாங்கினது."

பிறகு சொன்னாள்: "அவர் பேரு மூக்கையா. நீங்க மறந்திருப்பீங்க."

மறக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பெயரை வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் கால் கார்த் தரையை எதற்கு அழுத்துகிறது என்று இப்போது தெரிகிறது. இருபத்தொரு வருஷமாகப் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறது அந்தக் கால்.

அக்டோபர் 9, வியாழன்

கதிர் பட்ட இடத்தில் அவள் தோல் கருத்துவிட்டது. புண் மாதிரி எரிகிறதாம். களிம்பு போடும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் வெளியே நின்று, "அம்மாவ போன்ல கூப்பிடவா?" என்று கேட்கிறேன். வேண்டாம் என்கிறாள்.

மூன்று தடவை துணி துவைத்தேன். இந்த மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று இப்போது அத்துப்படி.

அக்டோபர் 14, செவ்வாய்

ஹரால்டிடம் இன்று கேட்டேவிட்டேன், ஏன் பணம் வாங்கமாட்டீர்கள் என்று. அவர் மனைவிக்கு இதே நோய் வந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் ஏழு வாரம் ஓட்டினாராம். பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த ஆளிடம் இவரும் கெஞ்சினாராம்.

"அவர் என்ன சொன்னார்?"

"சில விஷயத்தைக் கொடுத்துத் தீர்க்க முடியாது, சும்மா உட்கார்ந்து வாருங்கள் என்றார். எனக்குக் கோபமாக வந்தது."

எனக்கும் கோபமாகத்தான் வந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிகாலையில் அவள் உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன். முடி பொடிப்பொடியாக முளைக்க ஆரம்பித்திருக்கிறது. புதுத்துணி என்று நான் கொண்டுவந்த சுடிதார் தொளதொளவென்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

செண்பகம் கொடுத்தனுப்பிய முறுக்கை ஒரு டப்பாவில் ஹரால்டுக்குக் கொடுத்தேன். அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஸ்டாப் பலகையில் நின்று மூன்று எண்ணுகிற நேரத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, பல் போய்விடும் போலிருக்கிறது என்றார். தமயந்தி சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றுதான் அவள் சத்தமாகச் சிரித்துக் கேட்டேன்.

முப்பது நாள் தடை முடிந்தது. தேதி கேட்டால் அக்டோபர் 30தான் காலி. சிகிச்சை 31இல் முடிகிறது. ஒரே ஒரு நாள் ஓட்டுவதற்கு எதற்கு டெஸ்ட் என்று கேட்டேன். "எனக்காகக் குடுங்கப்பா" என்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

செண்பகத்திடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், மகள் பேசியது, எல்லாம். கடைசியில், "அந்த மூக்கையா உயிரோட இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காரு. பால் சொசைட்டிக்குப் பின்னாடி வீடு. வாசல்லதான் உக்காந்திருப்பாரு. பேங்குக்குப் போற வழிதான், நீங்கதான் கூட்டமா இருக்கும்னு அந்தத் தெருவுல போறதே இல்லியே."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பேங்குக்கு நான் சுற்றிப் போகிற ஒரு கிலோமீட்டரும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

மறுபடி ரெனே. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் குட் மார்னிங் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

பயமாக இருந்தது. அறுபத்தேழு வயதில், உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. எங்கள் மைதானத்தில் என் நாற்காலிக்கு முன்னால் இதே பயத்தோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். கவர் கொடுக்க வழியில்லாமல் நாலு தடவை, ஐந்து தடவை திரும்பிப்போன பிள்ளைகள். நான் கேட்டதில்லை என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். கேட்கவேண்டிய தேவை இருந்ததில்லை, அதுதான் உண்மை. கொடுக்காதவன் கால் தரையில் பட்டது என்று எழுதினால் போதும்.

ஸ்டாப் பலகை. ஒன்று, இரண்டு, மூன்று.

திரும்பி வந்து நிறுத்தினோம். தட்டினாள். பலகையை என் பக்கம் திருப்பினாள். நான் இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டேன்.

"கையெழுத்து மட்டும்" என்றாள். உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டவன், இந்த ஒன்றுக்கு எழுத்து கோணிவிட்டது. தேறிவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஹரால்டுக்கு நேற்றே சொல்லிவிட்டோம். இருந்தாலும் காலையில் போன் செய்து, எண்ண மறக்காதீர்கள் என்றார்.

முப்பத்தொரு மைல் நான் ஓட்டினேன். இன்று இங்கே பேய்ப் பண்டிகையாம், வழியெல்லாம் வாசலில் பரங்கிக்காய் வைத்திருக்கிறார்கள், பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. போகும்போது அவள் கால் தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. முப்பதாவது நாளும் முடிந்தது. நர்சுகள் கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள்.

திரும்பும்போது சோளக்காட்டு ஸ்டாப். அறுவடை முடிந்து வெறும் தட்டை நிற்கிறது. நாலா பக்கமும் யாரும் இல்லை.

"யாரும் இல்லப்பா, போங்க" என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

"இரும்மா."

எண்ணிவிட்டு எடுத்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்கியிருந்தாள். பிரேக் போட்டுப் பார்த்தேன். கால் அசையவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது, ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

நவம்பர் 29, சனி

ஏர்போர்ட். இனி அவளே ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை இறக்கிவிட அவள்தான் ஓட்டிவந்தாள். சக்கர நாற்காலி தள்ளுகிறவனுக்குப் பத்து டாலர் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

"ஊருக்குப் போனதும் மூக்கையாவப் பாக்கப் போறேன்" என்றேன். "எவ்வளவு குடுக்கலாம்? நீயே சொல்லு."

என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஒண்ணும் குடுக்காதீங்கப்பா. போய்ச் சொல்லுங்க."

டிசம்பர் 4, வியாழன்

பேங்குக்குச் சுற்றாமல் போனேன்.

மகள் சொன்னதையும் மீறி ஒரு கவரைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கை கேட்கவில்லை. மூக்கையா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பு. என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

நின்றபடி சொன்னேன். லைசென்ஸ், பிரேக், ஸ்டேஷன், ரிப்போர்ட். முழுசாகச் சொல்லி முடித்தேன்.

மூக்கையா கம்பை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, "குடிச்சிருந்தேன்னு எழுதச் சொன்னது நீங்கதானா சார்?" என்றார்.

"நான்தான்."

"வீடு வீடா பால் ஊத்துனவன் சார் நான். சொட்டு தொட்டதில்ல. எம் பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணிப் பாத்தேன். அரசாங்கப் பேப்பர்ல எழுதியிருக்கே, அது பொய் சொல்லுமான்னா. சாகுற வரைக்கும் நம்பல."

என் கை சட்டைப்பைக்குப் போனது. அவர் பார்த்துவிட்டார்.

"அத உள்ள வைங்க. அத வச்சு நான் என்ன செய்ய? இப்பச் சொன்னீங்கள்ல, அத எழுதிக் குடுப்பீங்களா?"

பேங்க் பாஸ்புக்கோடு இந்த நோட்டும் பையில் இருந்தது. கடைசியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அவர் வீட்டுச் சுவரில் வைத்து எழுதினேன். மூக்கையா குடித்திருக்கவில்லை, ஓரமாகத்தான் போனார், தவறு எங்களுடையது, பொய் ரிப்போர்ட் என் ஏற்பாடு. பெயர், பதவி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வாங்கி மருமகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "சத்தமா வாசிம்மா" என்றார். அந்தப் பெண் வாசற்படியில் நின்று வாசித்தாள். பால் சொசைட்டிக்குப் போன இரண்டு மூன்று பேர் நின்று கேட்டார்கள். நானும் நின்றேன்.

வாசித்து முடித்ததும் தாளை மடிக்கப் போனாள். மூக்கையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொதல்லருந்து இன்னொரு தடவ வாசி."